மூன்றரை விரல்கள்

எங்கள் இல்லத்தில் ஒரே ஆண்டில் இருவருக்குக் கைவிரல்கள் மரத்துப்போகும் நோய் வந்தது. ஒருத்தி என் மகள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நாளொன்றுக்கு ஒன்பது, பத்து மணி நேரம் கணினியின் முன் அமர்ந்திருப்பவள். மற்றொருத்தி என் மனைவி. கணினியை ஒருநாளும் தொட்டதில்லை. முப்பது ஆண்டுகளாக மதுரையில் எங்கள் தெருக்கோடியில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு நாள்தோறும் பூக்கட்டிக் கொடுத்துவருபவள். மகளின் நோயைப் பற்றிக் கேட்டவர்கள், "கம்ப்யூட்டர் வேலை அல்லவா, வராமல் என்ன செய்யும்?" என்றனர். மனைவியின் நோயைப் பற்றிக் கேட்டவர்கள், "வயதாகிவிட்டது" என்றனர். இரண்டு விடைகளும் அரைகுறையானவை என்பதை மருத்துவரிடம் சென்ற பிறகே அறிந்தோம். கணினியில் பணிபுரியும் பிள்ளை இல்லாத வீடு இன்று அரிது. பூத்தொடுக்கும், கோலமிடும், ஸ்ரீராமஜெயம் எழுதும் பெரியவர்கள் இல்லாத வீடும் அரிது. ஆகவே இதை எழுதுகிறேன்.

மகளுக்கு அறிகுறி இரவில்தான் தொடங்கியது. பின்னிரவில் வலது கை மரத்து, எறும்பு ஊர்வது போலச் சுருக்சுருக்கென்று இருக்கும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சிறிது நேரத்தில் சரியாகும். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவளை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "எவ்வளவு நாளாக?" என்றோ, "எவ்வளவு வலி?" என்றோ அவர் தொடங்கவில்லை. "எந்த விரல்?" என்று கேட்டார். மகள், "கை முழுவதும்தான் டாக்டர்" என்றாள். "அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள். இன்றிரவு விழிப்பு வரும்போது ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் மரத்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் நாளைக்கு எனக்குச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் மேலும் சில கேள்விகள் கேட்டார். கையை உதறினால் நன்றாக இருக்கிறதா, பாத்திரம் கைநழுவுகிறதா, சட்டைப் பொத்தான் போடும்போது துணி விரலில் உணர்வாகிறதா, இருசக்கர வாகனத்தின் பிடியைப் பிடித்திருக்கும்போது மரக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்கக் கேட்க, அருகில் அமர்ந்திருந்த என் மனைவி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு தயங்கித் தயங்கி, "வண்டியைத் தவிர மற்றதெல்லாம் எனக்கும் உண்டு டாக்டர்" என்றாள். துணைக்குச் சென்றவளும் நோயாளியானது இவ்வாறுதான்.

மறுநாள் இருவர் விடையும் ஒன்றே: சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது. அந்த ஒரு விடையிலேயே நோயின் இடம் ஏறத்தாழத் தெரிந்துவிட்டது என்றார் மருத்துவர்.

கைக்குள் இறங்கும் முதன்மையான நரம்புகளுள் ஒன்று மீடியன் நரம்பு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகிய மூன்றரை விரல்களின் தொடுவுணர்வு அதன் பொறுப்பு. கட்டைவிரலின் அடியில் மேடிட்டிருக்கும் தசையை இயக்குவதும் பெரும்பாலும் அதுவே. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் வளைந்து ஒரு வாய்க்கால் போல அமைந்திருக்கின்றன. அதன்மேல் உறுதியான நார்ப்பட்டை ஒன்று கூரையிட்டது போல இறுகக் கட்டியிருக்கிறது. அந்தக் குறுகிய சுரங்கத்தினுள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் இந்த ஒரு நரம்பும் நெருக்கியடித்துச் செல்கின்றன. எலும்பும் விரிந்துகொடாது, பட்டையும் விரிந்துகொடாது. உள்ளே சிறிது வீக்கம் ஏற்பட்டாலும் நசுங்குவது மென்மையான நரம்புதான். இதற்குக் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர். மணிக்கட்டு மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடங்கினால் அச்சுரங்கத்தின் உள்ளழுத்தம் பல மடங்கு உயர்கிறது. உறங்கும்போது நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்கிறோம். இரவில் நோய் தலைகாட்டுவதற்கு அது ஒரு காரணம்.

அன்று வீடு திரும்பிப் பூஜை அறையில் அமர்ந்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. உருத்திராக்க மணியைக் கட்டைவிரலும் நடுவிரலும் உருட்டுகின்றன. திருநீற்றை நெற்றியில் முப்பட்டையாக இடுவன நடு மூன்று விரல்கள். கோலப்பொடி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து இறங்குகிறது. பூவை நாரில் இருத்துவனவும் அவ்விரண்டு விரல்களே. அருச்சனைக்கு வில்வத்தைக் கிள்ளி எடுப்பதும் அப்படியே. கைத்தொண்டுக்குரிய விரல்கள் பெரும்பாலும் இந்த ஒரே நரம்பின் ஆட்சியில் இருக்கின்றன. உழவாரப் படையைக் கையிலேந்தித் தலந்தோறும் திருப்பணி செய்த திருநாவுக்கரசர் பெருமானை இறுகப் பிடித்த கையுடனேயே நாம் நினைக்கிறோம். அந்தப் பிடிக்கும் இந்நரம்பு வேண்டும்.

சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. அது அல்நார் நரம்பு. முழங்கையின் உட்புறம் எலும்புக்குப் பின்னால் தோலுக்குச் சற்றே கீழாக அது ஓடுகிறது. கதவில் முழங்கை இடித்தால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல இருக்குமே, அது இந்த நரம்புதான். நாற்காலியின் கெட்டியான கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் கணினி பார்ப்போருக்கும், முழங்கையை நன்றாக மடக்கிக் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவோருக்கும் இது வரலாம். நானும் பணிக்காலத்தில் மேசை விளிம்பில் இடது முழங்கையை ஊன்றுபவன்தான். சுண்டுவிரலில் சில காலம் உணர்வு மங்கியிருந்து, ஊன்றுவதை நிறுத்தியதும் தானே விலகியது. கழுத்தெலும்பில் நரம்பு நசுங்கினாலும் விரல் மரக்கும். அப்போது கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து இறங்கும். இரண்டு பாதங்களும் சேர்ந்து மரத்தால் சர்க்கரை நோயையோ பி12 குறைவையோ ஐயுற வேண்டும். பி12 இயற்கையில் விலங்குவழி உணவில்தான் கிடைக்கிறது. மரக்கறி உண்ணும் நம் குடும்பங்களில் பாலும் தயிரும் குறைந்தால் இக்குறைபாடு உண்மையாகவே வருகிறது. ஆனால் விரல் மரத்தது என்றவுடன் மருந்துக்கடையில் 'நரம்பு மாத்திரை' கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. நசுங்கியிருக்கும் நரம்பை எந்த மாத்திரையும் விடுவிக்காது. ஒரு பக்கக் கை திடீரென்று வலுவிழந்து, வாய் கோணினால் அது பக்கவாதம். அரைமணியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டியது.

மருத்துவர் செய்த சோதனைகள் எளியவை. மணிக்கட்டின் உட்புறத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். புறங்கைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடுமாறு மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். பின்பு மார்புக்கு நேரே கைகூப்பி, முழங்கைகளை உயர்த்தி, அவ்வாறே நிற்கச் சொன்னார். சிறிது நேரத்தில் என் மனைவியின் விரல்களில் சுருக்கென்று ஏறியது. "ஆடி வெள்ளியில் தீபாராதனை நீண்டால் எனக்கு இப்படித்தான் ஆகும். அம்மன் சந்நிதியின் அதிர்வு என்று நினைத்திருந்தேன்" என்றாள். மருத்துவர் சிரிக்கவில்லை. அவர்மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது அப்போதுதான். பின்பு நரம்பின் வழியே சிறிய மின்தூண்டலைச் செலுத்தி, அது எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று அளக்கும் சோதனையை இருவருக்கும் செய்தனர். மகளுக்கு நோய் தொடக்க நிலை. மனைவிக்கு முற்றிய நிலை. வலது கட்டைவிரலின் அடிமேடு தேயத் தொடங்கியிருந்தது.

கணினியைத் தொடாதவளுக்கு முற்றியிருக்கிறது. கணினியிலேயே வாழ்பவளுக்கு இலேசாக இருக்கிறது. அப்படியானால் கணினி குற்றமற்றதா? இதைப் பல நாள் துருவிப் படித்தேன்.

சர் ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், மணிக்கட்டு முறிவுக்குப் பின் மீடியன் நரம்பு நசுங்கியதை 1854-லேயே எழுதி வைத்திருக்கிறார். அப்போது தட்டச்சுப் பொறிகூட விற்பனைக்கு வரவில்லை. 2003-ல் டென்மார்க்கில் ஏறத்தாழ 6,900 பேரிடம் நடத்தி வெளியிட்ட ஓர் ஆய்வு, விசைப்பலகையில் தட்டுவதற்கும் இந்நோய்க்கும் தெளிவான தொடர்பைக் காணவில்லை. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸைப் பிடித்திருப்போரிடம் மட்டும் ஓரளவு தொடர்பைக் கண்டது. பாறை துளைக்கும் அதிர்வுக் கருவிகள், வலிந்து இறுக்கிப் பிடிக்கும் கைவேலைகள் ஆகியன கணினியைவிடப் பெருங்காரணங்கள். சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், கருவுற்றிருக்கும் காலம் ஆகியவற்றில் சுரங்கத்தினுள் வீக்கமோ நரம்பின் நலிவோ ஏற்பட்டு நோய் எளிதில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதி. என் மகளின் இரத்தத்தைச் சோதித்தபோது தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது. எல்லோரும் கணினியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தால், தைராய்டு அமைதியாகத் தன் வேலையைத் தொடர்ந்திருக்கும்.

ஆயினும் கணினியை முற்றிலும் விடுவிக்க என் மனம் இசையவில்லை. காரணம் நான் வங்கியில் பார்த்தது.

இத்தாலியில் பாதுவா நகரப் பேராசிரியராக இருந்த பெர்னார்டினோ ராமஸ்ஸினி, தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி 1700-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் நோயைச் சேர்த்தார். அதற்கு அவர் காட்டும் காரணங்கள் மூன்று: ஓயாமல் அமர்ந்திருத்தல், கை ஒரே திசையில் ஓயாமல் அசைதல், கணக்கில் பிழை நேர்ந்து முதலாளிக்கு நட்டம் வந்துவிடக்கூடாதே என்ற மனஇறுக்கம். மூன்றாவதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர் எங்கள் கிளையின் கேஷ் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார்! அவருக்குத் தெரிந்த ஓர் எழுத்தர், வலது கை செயலிழந்ததும் இடது கையால் எழுதப் பழகினார். சில காலத்தில் அக்கையும் அதே நோய்க்கு ஆளானது.

நான் 1980-ல் பணியில் சேர்ந்தபோது எல்லாம் பேரேடுகள். அலுவல் கடுமையானது, அரையாண்டு வட்டிக் கணக்கின்போது நள்ளிரவு வரை எழுதுவோம். ஆனால் அந்த வேலையில் இயற்கையாகவே இடைவெளிகள் இருந்தன. கனத்த லெட்ஜரை எழுந்துபோய் எடுத்து வர வேண்டும். பக்கம் புரட்ட வேண்டும். பேனாவுக்கு மை ஊற்ற வேண்டும். அதிகாரியின் மேசைக்குச் சென்று கையொப்பம் பெற வேண்டும். டோக்கன் எண்ணைக் கூவ வேண்டும். கை ஒவ்வொரு முறையும் வேறு நிலைக்கு வந்தது. ஊழியர் சங்கங்களோடு 1983-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பின் கிளைகளுக்குக் கணினிப் பொறிகள் வரத் தொடங்கின. ஏ.எல்.பி.எம். என்று நாங்கள் அழைத்த லெட்ஜர் பதிவு இயந்திரத்தின் முன் அமர்ந்தவர் எழ வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பின்பு எல்லாக் கிளைகளும் ஒரே வலையில் இணைந்தபோது பேரேடும், கையொப்பமும், அதிகாரியின் ஒப்புதலும் திரைக்குள்ளேயே வந்துவிட்டன. மேசைகளோ பழையவை, லெட்ஜருக்கென்று செய்த உயரமான மேசைமேல் விசைப்பலகையை வைத்தோம். மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே இருந்தது. கணினி கொண்டுவந்த தீமை என்று நான் கருதுவது இதுதான்: அது கையிடம் அதிக வேலை வாங்கவில்லை, கையின் ஓய்வை எடுத்துக்கொண்டது.

என்னோடு பணிபுரிந்த நண்பர் ஒருவருக்குக் கடைசிப் பத்தாண்டுகள் விரல்கள் மரத்தே இருந்தன. சர்க்கரை நோய் இருந்ததால் அதுவே காரணம் என்று அவரும் குடும்பத்தாரும் நினைத்துவிட்டனர். ஓய்வுபெற்ற பின்னரே சோதித்தனர். அறுவை சிகிச்சைக்குப் பின் இரவு வலி நின்றது. தேய்ந்த தசை திரும்பவில்லை. நாணயத்தை மேசையிலிருந்து எடுக்க விளிம்பு வரை நகர்த்திக் கீழே மறு கையில் விழச் செய்வார். கோயிலில் குருக்கள் அளிக்கும் திருநீற்றை உள்ளங்கையில் வாங்கி அப்படியே நெற்றியில் ஒற்றிக்கொள்வார். நசுங்கிய நரம்பு குறிப்பிட்ட காலம் வரைதான் காத்திருக்கும்.

மகளுக்குச் சொல்லப்பட்ட மருத்துவம் சிறியது. தைராய்டு மாத்திரை, உறங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஆறு வாரம். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வேலை பார்த்துவந்தவள், அதை உயரமான தாங்கியில் ஏற்றித் தனி விசைப்பலகை வாங்கினாள். முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்க, மணிக்கட்டு நேராக இருக்கும் உயரத்தில் அதை வைத்தாள். எட்டி எட்டிப் பிடித்த மவுஸை உடலுக்கு அருகில் கொண்டுவந்தாள். மேசை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி வைப்பதை நிறுத்தினாள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடிக்கச் செல்கிறாள். குவளையை வேண்டுமென்றே சிறிதாக வைத்திருக்கிறாள். "வேலையை விட்டுவிடலாமா அப்பா?" என்று வீட்டுக் கடனை நினைத்துக் கலங்கிக் கேட்டவள், மூன்றே மாதத்தில் இரவு முழுதும் உறங்கினாள்.

மனைவியின் செய்தி அவ்வளவு எளிதாக இல்லை. வலது கைக்கு அறுவை சிகிச்சை வேண்டும், ஆறு வாரம் பூக்கட்டக் கூடாது என்றார் மருத்துவர். அறுவைக்கு அவள் அஞ்சவில்லை. ஆறு வாரத்துக்கே அஞ்சினாள். மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வரும் மல்லிகையை நனைத்த வாழைநாரில் தொடுத்து, மாலைப் பூசைக்கு முன் கொடுப்பது அவள் நேர்ந்துகொண்ட கடமை. "அவளுக்குச் செய்கிறேன், கையை அவள் பார்த்துக்கொள்வாள்" என்றாள். நான் வாதாடவில்லை. எங்கள் ஊர் அடியாரான மூர்த்தி நாயனாரைப் பற்றிப் பேசினேன். ஆலவாய் இறைவனுக்கு நாள்தோறும் சந்தனம் அரைத்தளித்த வணிகர் அவர். ஊரைக் கைப்பற்றிய மன்னன் சந்தனம் கிடைக்காமல் தடுத்தபோது, தம் முழங்கையையே கல்லில் வைத்துத் தேய்த்தார். தோல் கிழிந்து எலும்பு தெரியும் வரை தேய்த்தார். இந்த வரலாற்றைச் சொல்லும் நாம் தேய்த்ததையே வியந்து சொல்கிறோம். இறைவன் என்ன சொன்னான்? இதைச் செய்யாதே என்று தடுத்தான், புண்ணும் ஆறியது. கையைத் தேய்த்துக் கொடுப்பதை அவனே ஏற்க மனம் கொள்ளவில்லை.

அவள் அன்று விடை சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நார் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். அவள் கை பழகட்டும், பிறகு தேதி வாங்குங்கள்" என்றாள். அப்பெண்ணும் ஒரு நிறுவனத்தில் கணினியில் கணக்கெழுதுபவள். மாலை வேலையிலிருந்து வந்ததும் நடைவாசலில் அமர்ந்து பத்து நாள் பழகினாள். முதல் சரம் தளர்ந்து கோயில் வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. குருக்கள் ஒன்றும் சொல்லாமல் உதிரிப் பூவாக அருச்சனைக்கு எடுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை இருபது நிமிடத்தில் முடிந்தது. கைக்கு மட்டும் மரப்பூசி போட்டு அந்த நார்ப்பட்டையை வெட்டிவிட்டனர். மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அன்றிரவே மரத்துப்போதல் நின்றது. பிடியின் வலு வர மூன்று மாதம் ஆயிற்று; விரல் நுனியின் உணர்வு இன்னும் மெல்ல மெல்லத் திரும்பிவருகிறது. இப்போது பூவும் நாருமாக அரைமணி அமர்கிறாள். பின்பு கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பெண் தொடுப்பதைப் பார்க்கிறாள். திருவாசகம் எழுதி வைக்கும் நோட்டுப் புத்தகத்திலும் நாளுக்கு ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, மெல்லிய பந்துமுனைப் பேனாவை விட்டுத் தடித்த பேனாவுக்கு மாறியிருக்கிறாள். தடித்ததை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இடது கையும் சற்று மரக்கிறது. அதற்கும் இரவில் பட்டை கட்டுகிறாள். மார்கழி முடிந்ததும் நரம்புச் சோதனையை மீண்டும் செய்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.